மொகுதூம் எடுத்த சீட்டு

எழுபத்து நாலாம் வருஷம் எங்கள் மூன்று பேர் பண்டிகையும் ஒரே நாளில் வந்து தொலைத்தது. டிசம்பர் இருபத்தைந்து, புதன்கிழமை. எனக்குக் கிறிஸ்துமஸ். மொகுதூமுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். ஆராவமுதன் சாருக்கு வைகுண்ட ஏகாதசி. சுவரில் தொங்கிய காலண்டரை மொகுதூம் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "பிறை ஒரு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா தப்பிச்சிருக்கலாம் அக்கா" என்றான்.

தூத்துக்குடியில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. அதில் விலங்கியல் துறை நாங்கள். துறை என்றால் மொத்தமே மூன்று ஆசிரியர்கள், அட்டெண்டர் சுடலைமாடன், தவளைத் தொட்டி ஒன்று, சிப்பித் தொட்டி ஒன்று. மொகுதூம் காயல்பட்டினத்துப் பிள்ளை. எனக்குப் பத்து வயது இளையவன், அதனால் அவன் இவன் என்றுதான் வரும். ஆராவமுதன் சார் தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் ஊர்க்காரர். நெற்றியில் நாமம், கையில் கத்தரி. தவளையை அறுத்துக் காட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. சாயங்காலம் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, வீட்டுக்குப் போய்த் தலை முழுகிய பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். கல்லூரியின் காலை ஜெபத்தில் எங்கள் கீர்த்தனைகளை எங்களைவிட ராகம் பிசகாமல் பாடுவதும் அவர்தான். பிரின்சிபால் எஸ்றா ஐயா அவர் வாயைப் பார்த்துத்தான் சுதி பிடிப்பார்.

நான் ஞானதீபம். நாசரேத்துக்காரி. கோபக்காரி என்று கல்லூரியில் பேர். அது பொய்யில்லை.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. பண்டிகை யாருக்கோ அவர் வீட்டுக்கு, மற்ற இரண்டு பேர் தொட்டிக்கு. நோன்புப் பெருநாளுக்கு நானும் ஆராவமுதன் சாரும் பார்த்துக்கொள்வோம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் இருவரும். ஒரு தீபாவளியன்று கொட்டுகிற மழையில் தொட்டிக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறேன். "அவங்க தீவாளிக்கு உனக்கு என்னளா வேல?" என்று மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அந்த வருஷம் தொட்டியில் நாற்பத்தெட்டு முத்துச்சிப்பிகள் இருந்தன. ஜூலை மாதம் ஆராவமுதன் சார் ஒவ்வொன்றின் வாயையும் ஆப்பு வைத்துத் திறந்து உள்ளே ஒரு சின்ன மணியைப் பதித்திருந்தார். அந்த மணியின்மேல் முத்து படிகிறதா என்பதுதான் அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. ஏழு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்த ஆராய்ச்சி அது. பல்கலைக்கழகம் கடைசி முறையாகத் தவணை நீட்டித்திருந்தது. ஜனவரி இரண்டாம் தேதி மதுரையிலிருந்து பேராசிரியர் வருவார், அவர் கண் முன்னால் திறந்து காட்ட வேண்டும். அதுவரைக்கும் சிப்பி உயிரோடு இருக்க வேண்டும்.

அதற்குக் காலையும் மாலையும் கடல் தண்ணீர் மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், தண்ணீருக்குள் காற்று விடுகிற மோட்டார். அந்த வருஷத்து மின்வெட்டுக்கு நேரங்காலம் கிடையாது. மோட்டார் நின்றால் செம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிப்பி மூச்சு முட்டிச் சாகும். சுடலைமாடனோ அம்மை போட்டு, மாப்பிள்ளையூரணியில் வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தான். ஆகவே எங்களில் ஒருவர் அன்று முழுக்கத் தொட்டியடியில் இருந்தாக வேண்டும்.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் லாபில் டீயை வைத்துக்கொண்டு மூன்று பேரும் மரியாதைப் போட்டி நடத்தினோம்.

"நானே இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்கோ" என்றார் ஆராவமுதன் சார்.

"உங்க ஏகாதசிய விட்டுட்டு நீங்க இங்கன உட்கார்ந்தா எனக்குச் சோறு இறங்குமா சார்? நான் இருக்கேன்" என்றான் மொகுதூம். அவனுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் கொழும்பில். குர்பானி கொடுக்க வீட்டில் இருந்த ஒரே ஆம்பிளை அவன்தான்.

"நான் இருக்கேன்" என்று நானும் சொன்னேன். நாசரேத்தில் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எனக்காகக் காத்திருந்தார்கள். முறுக்குச் சுற்றக்கூட ஆள் வைக்காமல் மாமியார் எனக்காக மாவை எடுத்து வைத்திருந்தார். கிறிஸ்தவக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்தவச்சி சிப்பிக்குக் காவல் இருப்பதா என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

இப்படி இழுபறி வந்தால் எங்கள் கல்லூரியில் திருவுளச்சீட்டுதான். மிஷன் காலத்திலிருந்தே அப்படி. விடுதி அறையா, பரீட்சைக் கண்காணிப்பா, எதுவானாலும் ஒரு சின்ன ஜெபம், ஒரு சீட்டு, முடிந்தது கதை. கோயிலில் பூப்போட்டுப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். சீட்டில் வந்ததை இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ யாரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. எங்கள் துறையில் சீட்டு எழுதுவது எப்போதும் நான். ஜாடிகளுக்கு லேபிள் எழுதி எழுதி என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எடுப்பது வயதில் இளையவன் மொகுதூம். எடுத்த சீட்டில் யார் பேரோ அவர்தான் காவல்.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எழுதினேன். மூன்று சீட்டிலும் ஆராவமுதன் என்றே எழுதினேன்.

அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய பாவமாகவே தெரியவில்லை. சிப்பி அவருடையது, பட்டம் அவருக்கு வரப்போகிறது, அவர் இருந்தால் என்ன என்று ஒரு நியாயம் கைவசம் இருந்தது. நியாயம் இருந்தால் நேராகச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? சொல்லவில்லை. மடித்துக் கண்ணாடிக் குவளையில் போட்டுக் குலுக்கினேன். ஜெபம் செய்ததும் நான்தான். "உம்முடைய சித்தத்தின்படியே ஆகட்டும் ஆண்டவரே" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

மொகுதூம் பிஸ்மி சொல்லிக் குவளைக்குள் கையை விட்டான். எடுத்துப் பிரித்தவன் முகம் சுண்டிப்போயிற்று. "சார்" என்று மட்டும் சொல்லிச் சீட்டை நீட்டினான். ஆராவமுதன் சார் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பெருமாள் சித்தம்" என்றார். மிச்ச இரண்டு சீட்டையும் நான் என் கைப்பைக்குள் தள்ளினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு மொகுதூமும் நானும் சேர்ந்து நடந்தோம். பாதி வழியில், "என் கை வெளங்காத கை அக்கா" என்றான்.

"ஏன் தம்பி அப்படிச் சொல்லுத?"

"உங்களுக்குத் தெரியாதா? ஏகாதசியன்னிக்குச் சாயங்காலம் அவங்க கோயில்ல சொர்க்கவாசல் திறக்கும்போது பாசுரம் ஆரம்பிச்சுக் கொடுக்கிறது சாரோட வாப்பா. பரம்பரையா வர்ற இடமாம். அவங்க மௌத்தாயி, போன வருஷம் தலைத்திவசம் ஆகலைன்னு சித்தப்பா மகன் நின்னிருக்கார். இந்த வருஷமும் சார் போகலைன்னா அந்த இடம் அவருக்கே ஆயிடும். நேத்துதான் எங்கிட்ட சொன்னார்."

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம், கல்லூரி கால் மைல் தூரம்கூட இல்லை. அதற்குள் நாசரேத் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் முழுக்க முறுக்குச் சுற்றினேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. "கை எங்கயோ இருக்கு, மனசு எங்கயோ இருக்கு" என்றார் மாமியார். பயணக் களைப்பு என்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை நாலரை மணி ஆராதனைக்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. புதுச்சேலையின் கஞ்சி மொடமொடக்க முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். பாட்டுகள் எல்லாம் நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் மூன்றாவது பாட்டில் சுதி இறங்கிய இடத்தில், ஆராவமுதன் சார் இருந்தால் தூக்கிப் பிடித்திருப்பாரே என்று நினைத்தேன். நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

காணிக்கைப் பை வந்தது. கவரை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன். கவரோடு இரண்டு சீட்டும் சேர்ந்து வந்தன. இன்னும் ஒரு நொடி கவனிக்காமல் இருந்திருந்தால் மூன்றையும் பைக்குள் போட்டிருப்பேன். சீட்டைக் கையில் பொத்திக்கொண்டேன். அடுத்தது நற்கருணை. எல்லாரும் வரிசையாக எழுந்து போனார்கள். என்னால் போக முடியவில்லை. எந்த முகத்தோடு போய் முழங்கால் படியிடுவது? எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சுந்தரராஜ் பின்னாலேயே ஓடி வந்தார். "ஏளா, எங்க போற? மயக்கமா வருதா?"

"தூத்துக்குடிக்குப் போறேன். ஒரு தப்புச் செஞ்சிட்டேன். வந்து சொல்லுதேன்."

"இன்னைக்கா? பிள்ளைக என்னத்தக் கேக்கும்?"

"அம்மை சிப்பிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் பஸ் வரும்வரை என்னோடு நின்றார். அந்த மனுஷனைப் பற்றி நான் சொல்கிற குறைகளில் பாதியை அன்றைக்கே தள்ளுபடி செய்துவிட்டேன்.

நான் லாபுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. ஆராவமுதன் சார் ஈரத் தலையோடு, உடம்பெல்லாம் நாமமாக, தொட்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏகாதசிப் பட்டினி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் சேலையையும் முகத்தையும் பார்த்து எழுந்து நின்றார்.

"என்னாச்சு? ஊர்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

நான் இரண்டு சீட்டையும் மேஜைமேல் பிரித்து வைத்தேன். "மூணுலயும் உங்க பேரைத்தான் எழுதுனேன் சார். திருவுளமும் இல்ல ஒண்ணும் இல்ல. என் கொழுப்பு. உங்க ஊர்ல வாசல் சாயங்காலம்தானே திறக்கும்? இப்பப் பொறப்பட்டாப் போயிரலாம். நான் இருக்கேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் சீட்டுகளைப் பார்த்தார், ஒன்றின் ஓரத்தை விரலால் நீவினார்.

"ஏன் சொன்னேள்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே. ரெண்டு நாளா நான் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா?" அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "போனா அவா என்ன சொல்லுவாங்கறது எனக்குத் தெரியும். தவளை அறுக்கிற கை, சிப்பி அறுக்கிற கை, பாசுரம் சொல்ற கோஷ்டிக்கு முன்னால வந்து நிக்கறதான்னு கேப்பா. அப்பா இருந்தவரைக்கும் எவனும் வாயைத் திறக்கல. இப்ப கேப்பா. எனக்குப் பயம். நானா வரலைன்னா கோழை. சீட்டு விழுந்துடுத்துன்னா பெருமாளே வேண்டாம்னுட்டார்னு அர்த்தம். அப்படித்தான் தம்பிக்கு, அதான் சித்தப்பா பிள்ளைக்கு, கடுதாசி எழுதிப் போட்டேன். இப்ப பெருமாள் ஒண்ணும் சொல்லலைன்னு ஆயிடுத்தே."

அவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். தவளைத் தொட்டியில் ஒன்று கத்தியது. கடைசியில் என் வாய்க்குப் பழக்கமானதைத்தான் சொன்னேன்.

"பயமா இருந்தா இருங்க சார். ஆனா அந்தக் கையப் பத்தி எவனாவது பேசுனா, ஏழு வருஷமா ஒரு நாளாவது கழுவாம வீட்டுக்குப் போயிருக்கேனான்னு கேளுங்க. சாட்சிக்கு நான் வாரேன். சிலுவையப் போட்டுக்கிட்டே கோயில் வாசல்ல வந்து நின்னு சொல்லுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எழுந்து குடையை எடுத்தார்.

"பதினேழாம் நம்பர் சிப்பி நேத்துலேர்ந்து வாயை மூட மாட்டேங்கறது. கவனிச்சுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு மொகுதூம் வந்து நின்றான். கையில் டிபன் கேரியர், சட்டையில் அத்தர் வாசனை. குர்பானியை முடித்துக் கறியைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, சார் தனியாக இருப்பாரே என்று பஸ் பிடித்து வந்திருக்கிறான். சாருக்கென்று மேல் அடுக்கில் வாழைப்பழமும் பாலும். ஸ்டூலில் என்னைப் பார்த்ததும் திகைத்துப்போனான். நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

ஆராவமுதன் சார் கோபப்படாத கோபத்தையெல்லாம் அவன் பட்டான். சத்தம் போடவில்லை.

"எனக்கு ஊருக்குப் போகணும், நீ இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன் அக்கா. பிஸ்மி சொல்லி எடுத்தேன். என் கையால ஒரு பொய்ய எடுக்க வச்சிட்டீங்களே. ரெண்டு நாளா உம்மாகிட்ட என் கை வெளங்காதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன்."

எனக்கு அதுதான் உறைத்தது. ஆராவமுதன் சாருக்குச் செய்ததற்கு ஒரு சப்பை நியாயமாவது இருந்தது. இவனுக்குச் செய்ததற்கு எதுவுமே இல்லை. இவனை நான் நினைத்தே பார்க்கவில்லை. "தப்புதான் தம்பி" என்றேன். அழுகை வந்தது, அழுதேன். அவன் கேரியரைத் திறக்காமல் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நாலரை மணிக்குக் கரண்ட் போயிற்று. மோட்டார் இழுத்து இழுத்து நின்றது. நான் செம்பை எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. புதுச்சேலை முழுக்க உப்புத்தண்ணீர். மொகுதூம் உள்ளே வந்தான், பெருநாள் சட்டையின் கையை மடித்துவிட்டான், இன்னொரு செம்பை எடுத்தான். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவன் ஊற்றும்போது நான் மொள்ளுவேன், நான் ஊற்றும்போது அவன் மொள்ளுவான். இருட்டத் தொடங்கியும் கரண்ட் வரவில்லை.

ஆறரை மணி இருக்கும். "இப்ப வாசல் திறந்திருப்பாங்க" என்றான். மத்தியானக் கோபத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"திறந்திருப்பாங்க" என்றேன்.

ஏழு மணிக்கு மோட்டார் தானாக முனகிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்தோம். மொகுதூம் கேரியரைத் திறந்து நெய்ச்சோற்றையும் கறியையும் என் பக்கம் தள்ளினான். என் கிறிஸ்துமஸ் சாப்பாடு அது. அவனும் சாப்பிட்டான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆராவமுதன் சார் பிரசாதப் பொட்டலங்களோடு வந்தார். மொகுதூமும் நானும் வாயைத் திறந்து கேட்கப் பயந்துகொண்டு நின்றோம். அவரே பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி எனக்கு முந்தியே வந்து நின்னுட்டான். கடுதாசி போட்டேனே, அவன்மேல தப்பில்ல. என்னைப் பார்த்தும் நகரல. பின்னாலேர்ந்து ஒருத்தர் அந்தக் கை விஷயத்தைச் சொன்னார். நான் எதிர்பார்த்ததைவிட மெதுவாத்தான் சொன்னார். நான் ஒண்ணும் பதில் பேசல. தம்பி பக்கத்துல போய் நின்னு ஆரம்பிச்சுட்டேன். அவனும் ஆரம்பிச்சான். ரெண்டு வரி ரெண்டு பேர் குரலும் கேட்டுது. அப்புறம் ஒரு குரல்தான்."

"யாரோடது சார்?" என்றான் மொகுதூம்.

"என்னோடதுதான்" என்றார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தொட்டியில் பதினேழாம் நம்பரும் இன்னொன்றும் செத்திருந்தன. நாற்பத்தாறு உயிரோடு இருந்தன. ஜனவரி இரண்டாம் தேதி பேராசிரியர் முன்னால் திறந்ததில் ஒன்பதில் முத்து படிந்திருந்தது, கடுகு கனத்துக்கு. அது போதும் என்றார் பேராசிரியர்.

மார்ச் மாதம் பரீட்சைக் கண்காணிப்புக்கு மறுபடி சீட்டுப் போட வேண்டி வந்தது. நான் பேனாவைத் தொடவில்லை. ஆராவமுதன் சார் தாளைக் கிழித்து என் பக்கம் நகர்த்தி, "எழுதுங்கோ, உங்க கையெழுத்துதான் நன்னா இருக்கும்" என்றார். அவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மேஜைமேல் வைத்து, மூன்று பேரையும் எழுதினேன்.

மடிக்கப் போனேன். மொகுதூம் கையை நீட்டினான். "ஒரு நிமிஷம் அக்கா" என்று மூன்று சீட்டையும் வாங்கி, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். ஆராவமுதன். ஞானதீபம். மொகுதூம். படித்துவிட்டு அவனே மடித்தான், பிஸ்மி சொல்லி எடுத்தான். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படியே படித்தான். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது சுட்டது. வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.